பேக்கிங் கழிவு விதிகள்: கொங்கு மண்டலத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, திருப்பூர் பனியன், கோவை கிரைண்டர், ஈரோட்டு மஞ்சள்தூள் என்று இங்கே உற்பத்தியாகும் எந்தப் பொருளும் வாங்குபவர் கைக்குத் தனியாகப் போவதில்லை. கவரோ பாட்டிலோ கேனோ அதனுடன் சேர்ந்தே போகிறது. பொருளுக்கு ஜி.எஸ்.டி., உரிமம், தரச்சான்று என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பவர்கள்கூட, அந்த உறைக்கென்று தனியாக ஒரு சட்டம் இருப்பதை, பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்தோ சுங்கத்துறையிலிருந்தோ "உங்கள் ஈ.பி.ஆர். பதிவு எண் என்ன?" என்ற கேள்வி வரும்போதுதான் முதன்முதலாக அறிகிறார்கள். ஈ.பி.ஆர். என்பது, சந்தைக்கு அனுப்பிய உறை கழிவான பிறகும் அதற்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்கும் ஏற்பாடு. அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே என்னென்ன செய்து வைக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதில் இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திவரும் ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை. மற்றொன்று, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2016-இல் வெளியிட்டு, அதன்பின் பலமுறை திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். முதலாவது, எதைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்கிறது. இரண்டாவது, பயன்படுத்த அனுமதியுள்ளவற்றுக்கு யார் கணக்குக் காட்ட வேண்டும், கழிவான பிறகு அதற்கு யார் பொறுப்பு என்று சொல்கிறது. மத்திய விதியைப் படித்துவிட்டு மாநிலத் தடையை மறப்பதுதான் இங்கே புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம்; ஆகவே மாநிலத் தடையிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: தடைப் பட்டியலோடு உங்கள் குடோனை ஒப்பிடுங்கள்

2018 ஜூன் 25-ஆம் நாளிட்ட அரசாணை 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும், தெர்மாகோல் தட்டும் கப்பும், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பிடி வைத்த கேரி பேக் ஆகியவை அதில் அடங்கும். இத்தடை எந்தத் தடிமனுக்கும் பொருந்தும் என்பதே இதில் முக்கியம். மத்திய விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையாத கேரி பேக்கை விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் 120 மைக்ரான் என்றாலும் பிளாஸ்டிக் கேரி பேக் தடைக்குள்தான் வருகிறது. வெளிமாநிலத்திலிருந்து வரும் கவர் வியாபாரி "சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ரூல்படி சரிதானுங்க" என்று மைக்ரான் எண்ணைக் காட்டினால், அவர் சொல்வது அவருடைய மாநிலத்துக்குச் சரியாக இருக்கலாம், உங்கள் கடைக்குச் சரியில்லை.

டீக்கடையும் பேக்கரியும் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோவையிலிருந்து ஈரோடு வரை பேக்கரி இல்லாத ஊரே இல்லை. அவற்றில் பாதிக் கடைகளில் காகிதக் கப்பைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றது என்று நம்பிப் பயன்படுத்துகிறார்கள். சூடான டீ ஒழுகாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே பூசியிருக்கும் பிளாஸ்டிக் படலம்தான்; அந்தக் கப்புக்கான தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. துணிபோலத் தோன்றும் நான்-ஓவன் பைகளைப் பொறுத்தவரை, மத்திய விதி 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) எடைக்கு மேற்பட்டவற்றை அனுமதிப்பதைக் கருத்தில் கொண்டு மறுபரிசீலனை செய்யுமாறு அதே தீர்ப்பு மாநிலத்திடம் கூறியது. இது தவிர, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையிலுள்ள மத்தியத் தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டியின்மேல் சுற்றும் பளபளப்பான பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது. தீபாவளி ஆர்டருக்கு ஆயிரக்கணக்கில் பெட்டி கட்டும் இனிப்புக் கடைகள் இதைக் கவனிப்பதில்லை.

மக்கும் வகைப் பைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பையில் பச்சை இலைப் படம் அச்சிட்டிருந்தால் போதாது, ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட்டதற்கான சான்றை விற்பவர் தர வேண்டும். ஆலையிலேயே அடைத்து மூடப்படும் உறைகளுக்கு 2018 அரசாணையில் தரப்பட்டிருந்த விலக்கை மாநில அரசு 2020 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆகவே பழைய அரசாணையின் நகலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல், நீங்கள் பயன்படுத்தும் உறையின் மாதிரியோடு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெறுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த பதில் சோதனை நாளில் உதவாது.

தடை செய்யப்பட்ட பொருளைச் சேமித்து வைப்பதும் வண்டியில் ஏற்றிச் செல்வதும் விற்பதைப் போலவே குற்றம். முதல் முறைக்கே 25,000 ரூபாய் அபராதம், அடுத்தடுத்த முறைக்கு அது பெருகும். மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு: சமவெளியில் சாதாரணமாக விற்கப்படும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் அந்த மாவட்டத்தில் அனுமதி இல்லை, சோதனைச் சாவடியிலேயே அவற்றை இறக்கிவிடுவார்கள்.

இரண்டாம் படி: கவரில் யாருடைய பெயர்?

மாநிலத் தடை பெட்டிக்கடைக்கும் பெருநிறுவனத்துக்கும் ஒன்றுதான். மத்திய விதியின் ஈ.பி.ஆர். அப்படியன்று. உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு எனப்படும் இந்த ஏற்பாட்டை 2022 பிப்ரவரி 16-ஆம் நாள் திருத்தம் விரிவான வழிமுறைகளோடு கொண்டுவந்தது. சந்தைக்கு நீங்கள் எவ்வளவு பிளாஸ்டிக் உறையை அனுப்புகிறீர்களோ, அவ்வளவு பிளாஸ்டிக் கழிவு முறையாகக் கையாளப்பட்டதற்குச் சான்று காட்டுங்கள் என்பதே அதன் சாரம்.

இந்தப் பொறுப்பு மூன்று தரப்பினருக்கு உண்டு: பிளாஸ்டிக் உறையைத் தயாரிப்பவர், உறையையோ உறையிட்ட பொருளையோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர், தம் வணிகப் பெயரில் பொருளை விற்கும் பிராண்ட் உரிமையாளர். உங்கள் இடம் எது என்பதை நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைவிட, கவரின்மேல் யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. செக்கில் எண்ணெய் ஆட்டி, கோவையில் உள்ள சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயர் ஒட்டிய பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், பிராண்ட் உரிமையாளர் அந்த சூப்பர் மார்க்கெட். அதே எண்ணெயை உங்கள் வணிகப் பெயரில் விற்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்கு, பாலிபேக்கை ஆர்டர் கொடுத்தவரே வாங்கித் தந்திருந்தால், அந்தப் பையின் கணக்கு ஆர்டர் கொடுத்தவரைச் சேரும்.

ஒரே நிறுவனத்துக்கு இரண்டு வேடமும் இருக்கலாம். தன் பெயரில் மஞ்சள்தூள் விற்கும் நிறுவனம், சீனாவிலிருந்து பாட்டில் மூடிகளையும் தருவித்தால் அது பிராண்ட் உரிமையாளர், இறக்குமதியாளர் என்று இரண்டாகவும் பதிவு செய்ய வேண்டும். இதை மறைத்து ஒன்றாக மட்டும் பதிவு செய்தவர்கள், சரக்கு தூத்துக்குடியில் வந்து நிற்கும்போது தவிக்க நேரிடும்.

மூன்றாம் படி: உங்கள் நிறுவனத்தின் அளவு

குறு, சிறு நிறுவனங்களாக உள்ள பிராண்ட் உரிமையாளர்களை ஈ.பி.ஆர். கட்டாயத்திலிருந்து விதி விலக்கியிருக்கிறது. அவர்களுக்கு உறை தருபவர்கள், அல்லது உறைக்கு மூலப்பொருள் தருபவர்கள்மீது பொறுப்பு மேலேறிச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் இருப்பார்கள் என்பது நல்ல செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரையறைப்படி, எந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதது குறு நிறுவனம். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மிகாதது சிறு நிறுவனம். இரண்டு வரம்பில் எது தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள்.

விலக்கைக் கோர வேண்டுமானால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று கையில் இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவதாகச் சொல்லும் இணையப் பக்கங்களைத் தவிர்க்கவும். இறக்குமதியாளர்களுக்கு இந்த அளவு விலக்கு கிடையாது என்பதையும், சிறு நிறுவனமாக இருந்தாலும் மாநிலத் தடையும் உறைமீது அச்சிட வேண்டிய விவரங்களும் அப்படியே பொருந்தும் என்பதையும் சேர்த்தே படியுங்கள். என் கருத்தில், விலக்கு பெற்ற நிறுவனமும் அடுத்த படியில் சொல்லப்படும் எடைக் கணக்கை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய ஆண்டில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

நான்காம் படி: எடை போடுங்கள்

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். பதிவு செய்வது சில நாள் வேலை. கணக்கு இல்லாததால்தான் அது மாதக்கணக்கில் இழுக்கிறது. உறை வாங்கிய பில்லில் எண்ணிக்கை இருக்கும், இணையதளமோ டன்னில் கேட்கும். ஆடிட்டரின் கணக்கில் அட்டைப்பெட்டி, டேப், கவர், லேபிள், சாக்கு எல்லாம் "பேக்கிங் மெட்டீரியல்" என்ற ஒரே தலைப்பில் ரூபாயாகக் கிடக்கும். ரூபாயிலிருந்து எடையைத் திரும்ப எடுக்க முடியாது.

இதற்கு வழி, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு உறைக்கும் ஓர் எடை அட்டை தயாரிப்பது. பத்துப் பாட்டிலை மூடியோடு எடை போட்டு, பிறகு மூடி இல்லாமல் எடை போட்டு, லேபிளைத் தனியாக எடை போட்டுச் சராசரி எடுங்கள். பாட்டிலும் மூடியும் வேறு வேறு பிளாஸ்டிக் என்பதால் தனித்தனியாக எழுதுவது பின்னால் உதவும். கவருக்கு எடை போடாமலேயே கணக்கிடலாம்: நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, இரு பக்கம் இருப்பதால் இரண்டால் பெருக்கி, பிளாஸ்டிக்கின் அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வரும். பனியன் கம்பெனியில் புழங்கும் 10 அங்குலம் அகலமும் 14 அங்குலம் நீளமும் கொண்ட 40 மைக்ரான் பாலிபேக்கை எடுத்துக்கொள்வோம். 25.4-ஐ 35.56-ஆல் பெருக்கி, தடிமனான 0.004-ஆல் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அந்தப் பையின் பிளாஸ்டிக்கான எல்.டி.பி.ஈ.யின் அடர்த்தியான 0.92-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.65 கிராம். தனிப் பையாகப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை; ஆண்டுக்குப் பத்து லட்சம் உருப்படி அனுப்பும் கம்பெனிக்கு அது 6.65 டன். நான்கு கிராம் என்று யாரோ குத்துமதிப்பாக எழுதிக்கொடுத்த கணக்கும் இதுவும் எவ்வளவு விலகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எடையோடு வகையையும் குறிக்க வேண்டும். பாட்டில், கேன், டப்பா, வாளி, மூடி போன்ற கெட்டியானவை முதல் வகை. பாலிபேக், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், கேரி பேக், பல அடுக்கு இருந்தாலும் எல்லா அடுக்கும் பிளாஸ்டிக்கே ஆன பவுச் ஆகியவை இரண்டாம் வகை. பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தாளோ காகிதமோ ஒட்டிய பல அடுக்கு உறை மூன்றாம் வகை. மக்கும் பிளாஸ்டிக் பையும் தாளும் நான்காம் வகை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் அதிகக் குழப்பம். மசாலாப் பவுச் உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியத் தாளா, வெறும் பிளாஸ்டிக்கா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கவர் தருபவரிடம் அடுக்கு விவரத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் அடுத்த ஆர்டரைக் கொடுக்காதீர்கள்.

எதையெல்லாம் எண்ண வேண்டும் என்பதில் மறதி ஏற்படுவதுண்டு. அட்டைப்பெட்டியின் மேலே ஒட்டும் பிளாஸ்டிக் டேப், பாலட்டைச் சுற்றும் ஃபிலிம், கட்டும் பட்டை, கிரைண்டருக்கு முட்டுக் கொடுக்கும் தெர்மாகோல் எல்லாமே உறைதான். அட்டையும் மரப்பெட்டியும் நாமக்கல் முட்டைக்கு வரும் காகிதக்கூழ்த் தட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டா. ஏற்றுமதிப் பொருளோடு வெளிநாடு போய்விடும் பிளாஸ்டிக்கும் இந்தப் பொறுப்பில் சேராது. ஆனால் அதைத் தனியாகக் காட்டும் அளவுக்கு ஷிப்பிங் பில்லும் எடை அட்டையும் ஒத்துப்போக வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் ஒரே குடோனிலிருந்து ஒரே கவரை எடுக்கும் கம்பெனிகள், குடோன் ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி போட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பதிவு

ஒன்று அல்லது இரண்டு மாநிலங்களில் மட்டும் தொழில் நடத்தினால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இரண்டுக்கு மேற்பட்டால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் இணையதளம் மத்திய வாரியத்தினுடையதுதான். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் விற்பவர் இன்னும் மாநில வாரியத்துக்குள் இருக்கிறார். பண்ணாரி மலையேறி கர்நாடகத்துக்கும் வண்டி அனுப்பத் தொடங்கினால் மத்திய வாரியத்துக்குப் போக வேண்டும். இன்று தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுக்கொண்டு, ஆறு மாதத்தில் இணைய விற்பனை தொடங்கும் திட்டம் இருப்பவர்கள் முதலிலேயே மத்திய வாரியத்தில் பதிவு செய்துவிடுவது சிக்கனம்.

பான் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு, நிறுவனப் பதிவு ஆவணம், இறக்குமதி செய்தால் அதற்கான குறியீட்டு எண், ஆலை இருந்தால் வாரியத்தின் இயக்க இசைவு, பொறுப்பாளரின் அடையாளச் சான்று, வகைவாரியான எடைக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஜி.எஸ்.டி.யில் உள்ள பெயரும் முகவரியும் இசைவாணையில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனத்தைத் தனியார் நிறுவனமாக மாற்றியவர்கள் பழைய பெயரில் இசைவு வைத்திருப்பதால் விண்ணப்பம் திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது. முதல் பதிவு ஓராண்டுக்கும், புதுப்பிப்பு மூன்றாண்டுக்கும் செல்லும்.

இதற்குக் கன்சல்டன்ட் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். எடை அட்டை தயாராக இருந்தால் நடுத்தர நிறுவனத்துக்குத் தேவையில்லை என்பதே என் எண்ணம். அப்படியே வைத்துக்கொண்டாலும், இணையதளத்தின் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் பதிவு செய்த கைப்பேசி எண்ணும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கடமையைக் கணக்கிட்டு நிறைவேற்றுவது

கணக்கீட்டைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். காங்கேயத்தில் நடுத்தர அளவிலான எண்ணெய் நிறுவனம் 2023-24-இல் 40 டன், 2024-25-இல் 60 டன் பாட்டிலும் கேனும் வாங்கியது. ஆலைக்குள்ளேயே உடைந்தும் பழுதாகியும் போன உறைக் கழிவு ஆண்டுச் சராசரி 2 டன். முந்தைய இரண்டு ஆண்டுச் சராசரியான 50 டன்னோடு அந்த 2 டன்னைச் சேர்த்தால் 52 டன். 2023-24 முதல் இலக்கு நூறு சதவீதம் என்பதால், 2025-26-இல் அந்நிறுவனத்தின் கடமை முழு 52 டன். முதல் வகையில் 2025-26-க்குக் குறைந்தபட்ச மறுசுழற்சி 60 சதவீதம், ஆகவே 31.2 டன்னாவது மறுசுழற்சி ஆகியிருக்க வேண்டும், மீதி 20.8 டன்னை மட்டுமே சிமெண்ட் சூளை எரிபொருள், சாலை போடுதல் போன்ற இறுதிப் பயன்பாட்டில் காட்டலாம். இந்த 60 சதவீதம் அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்து 80 என்று ஏறும். இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு 2025-26-இல் 40 சதவீதத்தில் தொடங்கி 2027-28-இல் 60 ஆகிறது.

இந்த 52 டன்னும் நீங்கள் விற்ற அதே பாட்டில்களாக இருக்க வேண்டியதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக் கழிவை, வாரியத்தில் பதிவு பெற்ற செயலாக்குநர் மறுசுழற்சி செய்து, இணையதளத்தில் உருவாக்கிய சான்றை நீங்கள் வாங்கலாம். முதல் வகைக் கடமையை இரண்டாம் வகைச் சான்றால் தீர்க்க முடியாது. உங்கள் ஆலைக் கழிவைப் பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டு அந்த ரசீதைக் காட்டினால் அது கணக்கில் ஏறாது. அது பதிவு பெற்ற செயலாக்குநரிடம் போய்ச் சேர்ந்து, அவர் சான்று தந்தால்தான் ஏறும்.

சான்று வாங்குமிடத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. மத்திய வாரியம் 2023-இல் நடத்திய தணிக்கையில், செய்யாத மறுசுழற்சிக்குச் சில செயலாக்குநர்கள் லட்சக்கணக்கில் சான்று உருவாக்கியிருந்தது வெளிவந்தது. பிறகு அந்தச் சான்றை வைத்திருப்பவர் தலையில்தான் விடியும். ஆகவே செயலாக்குநரின் பதிவு எண்ணையும் அனுமதிக்கப்பட்ட ஆண்டுத் திறனையும் இணையதளத்தில் பாருங்கள், சிறிய ஆலை தன் திறனுக்கு மேல் சான்று விற்கிறதா என்று ஒப்பிடுங்கள், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள், பக்கத்து ஊர் ஆலையாக இருந்தால் ஒருமுறை நேரில் போய், எந்திரம் ஓடுகிறதா, மின் இணைப்பு எவ்வளவு, கழிவு மூட்டை குவிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சந்தை விலையைவிட மிகக் குறைவாக யாராவது சொன்னால் வாங்காமல் விடுவதே மேல்.

சான்று வாங்குவதோடு முடிந்துவிடாது. உறையிலேயே மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைக் கலக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது: முதல் வகையில் 2025-26-க்கு 30 சதவீதம், ஆண்டுக்குப் பத்தாக ஏறி 2028-29-இல் 60, இரண்டாம் வகையில் 10 சதவீதத்திலும் மூன்றாம் வகையில் 5 சதவீதத்திலும் தொடக்கம். எண்ணெய், பால், இனிப்பு போன்ற உணவுப் பொருள் செய்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். உணவைத் தொடும் உறையில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலை அனுமதிக்கும் வரையில் மட்டுமே சேர்க்கலாம். உள்ளூரில் விலை குறைவாகக் கிடைக்கும் மறுசுழற்சிக் குருணையை எண்ணெய்க் கேனுக்குப் போடச் சொல்லி ஒரு விதியை நிறைவேற்றப்போய், மற்றொரு சட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். டேப், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் போன்ற உணவைத் தொடாத வெளி உறையில் முதலில் தொடங்கலாம்.

ஏழாம் படி: கவரில் அச்சிட வேண்டியவை

பதிவு எண் கிடைத்த பிறகே கவரில் அச்சடிக்கும் புதிய சிலிண்டரை வெட்டக் கொடுங்கள். ஒரு பவுச்சுக்குச் சிலிண்டர் வெட்டும் செலவு தெரிந்தவர்கள் இதன் காரணத்தைக் கேட்கமாட்டார்கள். பெயர், பதிவு எண் முதலிய விவரங்கள் உறையில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அவற்றைப் பார்கோடு அல்லது க்யூ.ஆர். குறியீட்டுக்குள்ளோ, பொருளோடு தரும் விவரச் சிற்றேட்டிலோ தரவும் அனுமதி உண்டு. அப்படித் தருபவர்கள் மத்திய வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கையிருப்பிலுள்ள பழைய கவருக்கு இது நல்ல வழி.

எட்டாம் படி: ஆண்டறிக்கை

நிதியாண்டு முடிந்த பின் வரும் ஜூன் 30-க்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். சில ஆண்டுகளில் இந்த நாளை நீட்டித்திருக்கிறார்கள் என்பதை நம்பி மே மாதம் சும்மா இருப்பவர்கள், ஜூன் கடைசியில் சான்று விலை ஏறும்போது வாங்க நேரிடுகிறது. சித்திரையிலேயே எடைக் கணக்கை முடித்துவிடுங்கள்.

கடமை குறைந்தால் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. நிறைவேற்றாமல் விட்ட அளவு மூன்றாண்டு வரை தொடர்ந்து வரும். ஓராண்டுக்குள் குறையைச் சரிசெய்தால் கட்டியதில் 75 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். அதன்பின் ஒன்றும் கிடைக்காது. இது போக, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கும் முறை வந்திருக்கிறது. சிறை போய்விட்டதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வழக்கு மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்த விவகாரம் இப்போது அதிகாரி மட்டத்திலேயே முடிகிறது.

ஏற்றுமதியாளர்களுக்கு

திருப்பூர், கரூர், சென்னிமலைக்காரர்களுக்கு இந்திய ஈ.பி.ஆர். பெரிய சுமையாக இல்லாவிட்டாலும், வாங்கும் நாட்டின் விதி சுமையாக வந்து சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கிங் கழிவு ஒழுங்குமுறை 2025 பிப்ரவரி 11-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும்பாலான விதிகள் பொருந்தத் தொடங்கும் நாள் 2026 ஆகஸ்ட் 12. பதிவும் கட்டணமும் பெரும்பாலும் அங்குள்ள இறக்குமதியாளரின் தலைவலி என்றாலும், அவர் காட்ட வேண்டிய தகவல் உங்கள் குடோனில்தான் இருக்கிறது. பாலிபேக் என்ன பிளாஸ்டிக், எத்தனை கிராம், அதில் மறுசுழற்சிப் பங்கு எவ்வளவு, ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிற குரோமியம் நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். நான்காம் படியில் தயாரித்த எடை அட்டையே இங்கும் பயன்படும். அச்சு மையின் சோதனைச் சான்றை மட்டும் கவர் தயாரிப்பவரிடம் கூடுதலாக வாங்கி வைக்கவும்.

2030 முதல் வெளி அட்டைப்பெட்டியிலும் இணைய விற்பனைப் பெட்டியிலும் வெற்றிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அந்த ஒழுங்குமுறையில் உண்டு. எந்த அளவுத் துணிக்கும் ஒரே அளவுப் பெட்டி வாங்கிக் குவித்து வைக்கும் பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொண்டால், கண்டெய்னர் வாடகையிலும் மிச்சமாகும். பிரிட்டன் வேறு முறையில் கையாள்கிறது: 2022 ஏப்ரல் முதல் மறுசுழற்சிப் பங்கு 30 சதவீதத்துக்குக் குறைந்த பிளாஸ்டிக் உறைக்கு டன் கணக்கில் வரி. அந்த வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் 30 சதவீதம் கலந்திருப்பதற்கான ஆதாரத்தை உங்களிடம் கேட்பார், தராவிட்டால் அடுத்த ஆர்டரின் விலைப் பேச்சில் அந்தத் தொகையைக் கழிப்பார். மறுசுழற்சிப் பங்கை உறுதிசெய்யும் ஜி.ஆர்.எஸ். சான்று பெற்ற கவர் தயாரிப்பாளர்களிடம் இப்போதே மாதிரி வாங்கி, ஒட்டும் பசையும் ஒளிபுகும் தன்மையும் வாங்குபவருக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சி கலந்த பை சற்று மங்கலாக இருக்கும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால், சரக்கு போன பிறகு தகராறு வராது.

பிளாஸ்டிக்கை விட்டுக் காகிதத்துக்கோ கண்ணாடிக்கோ மாறிவிட்டால் இதிலிருந்து மொத்தமாகத் தப்பிவிடலாம் என்று கருதுபவர்கள், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளைப் படிக்க வேண்டும். காகிதம், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றால் ஆன உறைகளுக்கும் இதே போன்ற உற்பத்தியாளர் பொறுப்பை அவை முன்மொழிந்தன. நாட்டுச்சர்க்கரையைக் காகிதப் பையிலும் நெய்யைக் கண்ணாடிப் பாட்டிலிலும் அடைப்பவர்கள், எடை அட்டையில் அவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி இந்த நிதியாண்டிலிருந்தே எழுதத் தொடங்கலாம். பில்லில் எண்ணிக்கையோடு கிலோவையும் சேர்த்து எழுதித் தரும்படி அட்டைப்பெட்டிக்காரரிடமும் பாட்டில் வியாபாரியிடமும் அடுத்த ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள்.